லேபியாபிளாஸ்டி பண்ணிக்கலாமா வேணாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பொண்ணுங்க செருப்பு மாட்டுற எடத்துல நின்னு கேட்ட கேள்விங்க

நான் 14 வருஷமா லேடி டாக்டர் ஓபில நர்ஸா இருக்கேன், மொதல்ல கிருஷ்ணகிரி, இப்ப தருமபுரி. எங்க ஊர் பொண்ணுங்க உள்ள டாக்டரம்மாகிட்ட "வெள்ளப்படுது, இடுப்பு வலிக்குது"ன்னு தான் சொல்வாங்க. சீட்டு வாங்கிட்டு வெளிய வந்து, செருப்பு மாட்டுறப்ப, சுத்தியும் ஒரு பார்வ பாத்துட்டு, "சிஸ்டர் ஒரு நிமிஷம்"னு கொரல எறக்கி கேப்பாங்க பாருங்க, அது தான் அவங்க வந்த காரணமே. கொஞ்ச வருஷமா அந்த ஒரு நிமிஷத்துல அடிக்கடி வர்றது கீழ இருக்கற இதழ் பத்தின கேள்வி. ஒரே பதில திரும்ப திரும்ப சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதி வச்சிட்டேன். நான் டாக்டர் இல்ல, இது டாக்டர பாக்கறதுக்கு பதிலும் இல்ல, பாக்கப் போறதுக்கு முன்ன படிச்சிட்டு போங்க.

சிஸ்டர், லேபியாபிளாஸ்டின்னா இன்னா? கர்ப்பப்பை ஆபரேஷனா?

இல்லமா. கர்ப்பப்பைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பொண்ணுங்களுக்கு கீழ ரெண்டு ஜோடி இதழ் இருக்கு. வெளி இதழ் கொஞ்சம் தடிப்பா, முடி மொளைக்கற எடம். அதுக்கு உள்பக்கம் மெல்லிசா, முடி இல்லாம, ஈரப்பதமா இருக்கறது உள் இதழ். இந்த உள் இதழ் பெருசா இருக்குன்னு அதோட ஒரு பகுதிய வெட்டி எடுத்து தையல் போட்டு சின்னது பண்றாங்க, அது தான் லேபியாபிளாஸ்டி. வெளி இதழுக்கும் பண்றது உண்டு, ஆனா என்கிட்ட கேக்கறவங்க எல்லாம் உள் இதழுக்கு தான் கேக்கறாங்க.

இதால பீரியட்ஸ் மாறாது, குழந்த உண்டாகறது மாறாது, யூரின் போற ஓட்டையோ யோனி துவாரமோ மாறாது. வெளிய தெரியற தோல் மட்டும் தான்.

எனக்கு உள் இதழ் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, இது நார்மலா?

நூத்துக்கு தொண்ணூறு பேர் கேக்கற கேள்வி இது தான்னு வச்சிக்கங்க (நான் எண்ணல, சும்மா ஒரு பேச்சுக்கு). நார்மல் தான். உள் இதழ் வெளி இதழ தாண்டி தெரியறது ரொம்ப சகஜம். 2005ல லண்டன்ல 50 பொண்ணுங்கள டாக்டருங்க ஸ்கேல் வச்சு அளந்தாங்க, உள் இதழோட நீளம் ஒருத்தருக்கு 2 சென்டிமீட்டர், இன்னொருத்தருக்கு 10 சென்டிமீட்டர். அகலம் 7 மில்லிமீட்டர்ல இருந்து 5 சென்டிமீட்டர் வர. அத்தன பேரும் நல்லா இருக்கற பொண்ணுங்க தான். 2018ல சுவிட்சர்லாந்துல 650 பேருக்கு மேல அளந்து பாத்தும் இது தான் நார்மல்னு ஒரே அளவ அவங்களால சொல்ல முடியல.

எங்க டிராயர்ல கைப்பிடி வச்ச ஒரு சின்ன கண்ணாடி இருக்கு, பஸ் ஸ்டாண்ட் ஃபேன்சி ஸ்டோர்ல வாங்கினது, ஓரத்துல பிளாஸ்டிக் விரிசல் விட்டுப் போச்சு. டாக்டரம்மா பரிசோதனை முடிச்சதும் சில பேர்கிட்ட அத குடுத்து, "இது வெளி இதழ், இது உள் இதழ், இது யூரின் வர்ற எடம்"னு ஒவ்வொண்ணா காட்டுவாங்க. ரெண்டு பிள்ள பெத்த பொம்பள கூட அன்னிக்கு தான் மொத தடவ பாப்பா. பாத்துட்டு, "இவ்ளோ தானா"ன்னு சிரிச்சவங்க நெறைய பேர். அதோட கேள்வியே முடிஞ்சு போய் வீட்டுக்கு போயிருவாங்க.

ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சின்னது, ஏதாச்சும் வியாதியா?

ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறவங்க தான் கம்மி. வயசுக்கு வந்ததுல இருந்தே அப்டி இருந்தா விட்டுருங்க. ஆனா திடீர்னு ஒரு பக்கம் மட்டும் வீங்கி கோலிகுண்டு மாதிரி கட்டி தெரிஞ்சா, ஆறாத புண் இருந்தா, தோல் வெள்ள வெள்ளயா மாறி ராத்திரில தாங்க முடியாத அரிப்பு இருந்தா, மரு மாதிரி கொத்தா வந்தா, அதெல்லாம் வேற. அதுக்கு ஒடனே டாக்டர்கிட்ட காட்டணும்.

நர்சம்மா, எனக்கு வயசு அம்பத்தஞ்சு ஆவுது, இருமுனா கீழ சத வெளிய வருது, அத வெட்டிர முடியாதா?

பாலக்கோடு பக்கத்துல இருந்து வந்த ஒரு அம்மா கேட்டது, தக்காளிக் கூடைய தூக்கி தூக்கி ஒடம்பு தேஞ்சவங்க. அம்மா, அது இதழ் இல்ல. இருமுனா, பாரம் தூக்கினா, முக்குனா வெளிய வந்து, படுத்தா உள்ள போற சத பெரும்பாலும் கர்ப்பப்பை இறக்கம், நம்ம ஊர்ல அடி எறங்கிருச்சுன்னு சொல்றது. இல்லன்னா மூத்திரப்பை எறங்கி இருக்கும். அதுக்கு உடற்பயிற்சி, உள்ள வைக்கற வளையம், ஆபரேஷன்னு தனி வைத்தியம் இருக்கு, அரசு ஆஸ்பத்திரிலயே பாப்பாங்க. வெக்கப்பட்டுகிட்டு வருஷக்கணக்கா துணி வச்சு கட்டிக்கிட்டு இருக்காதீங்க.

சின்ன வயசுல நான் பண்ண தப்பால தான் இப்டி ஆயிருச்சா? அவருக்கு சந்தேகம் வந்துருமோன்னு பயமா இருக்கு

இந்த கேள்வி கேக்கறப்ப பொண்ணுங்க என் மூஞ்சிய பாக்க மாட்டாங்க, தரைய பாப்பாங்க. கேளுங்க. சுய இன்பத்தாலயோ உடலுறவாலயோ இதழ் நீளாது. வயசுக்கு வர்றப்ப ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன் சொரக்குது, மார்பு வளர்ற மாதிரி இதழும் வளருது, யாருக்கு எவ்ளோன்னு பொறப்புலயே இருக்கறது, மூக்கு நீளம் மாதிரி. கர்ப்பத்துல கொஞ்சம் மாறும், மாதவிடாய் நின்னப்பறம் ஹார்மோன் கொறஞ்சு சுருங்கும்.

இதழ பாத்து ஒரு பொண்ணு முன்னாடி யார்கூடயாச்சும் இருந்தாளான்னு டாக்டராலயே சொல்ல முடியாது, மாப்பிள்ளையால எப்டி சொல்ல முடியும்? கன்னித்திரைங்கறது உள்ள இருக்கற வேற எடம், அத வச்சும் சொல்ல முடியாது, அது தனி கத. சந்தேகப்படணும்னு இருக்கறவனுக்கு நீங்க ஆபரேஷன் பண்ணா அதுவே புது சந்தேகம்.

கருப்பா இருக்கு, கிரீம் போட்டா போயிருமா? ஆபரேஷன் பண்ணா கலர் மாறுமா?

நம்ம ஊர் தோலுக்கு அந்த எடம் ஒடம்ப விட கருப்பா தான் இருக்கும். ஹார்மோன், உராய்வு, கர்ப்பம் எல்லாம் சேந்து வர்றது, அழுக்கு இல்ல, தேச்சா போகாது. மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாம வாங்கற செவப்பழகு கிரீம்ல ஸ்டீராய்டு கலந்தது இருக்கு, அத போயி அங்க தடவி தோல் மெலிஞ்சு எரிச்சலோட வந்த பொண்ணுங்கள நாங்க பாத்துட்டோம்.

ஆபரேஷன்ல ஓரத்த வெட்டற மொற இருக்கு, அதுல கருத்த ஓரம் போயி உள்பக்கத்து வெளிர் நெறம் தெரியலாம், சில பேருக்கு அது தையல் போட்ட கோடு மாதிரி தனியா தெரியும். கலருக்காக மட்டும் கத்தி வைக்கறது, என்னைய கேட்டா, வேணாத வேல.

டைட் பேண்ட் போட்டா உரசுது, ஸ்கூட்டில போனா எரியுது, இதுக்கு ஆபரேஷன் தான் வழியா?

இது தான் கவனிச்சு கேக்க வேண்டிய கேள்வி, ஏன்னா ஆபரேஷனால நெசமாவே பலன் கெடைக்கறவங்க பெரும்பாலும் இதுல தான் இருக்காங்க. ஓசூர்ல ஒரு கம்பெனில வேல பாத்த பொண்ணு, காலைல 5 மணிக்கு கம்பெனி பஸ், யூனிஃபார்ம் பேண்ட்டு, நின்னுகிட்டே ஷிஃப்ட்டு. பேண்ட்டோட நடு தையல் நேரா அந்த எடத்துல வந்து அழுத்தும். சாயங்காலம் உள்ளாடைல லேசா ரத்தக் கறை. மூணு பேட் அடுக்கி வச்சு வேலைக்கு போயிருக்கா, அதுவும் பீரியட்ஸ் இல்லாத நாள்ல. அவ டாக்டரம்மாகிட்ட இதழ் அசிங்கமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லல, "என்னால நிக்க முடியல மேடம்"னு தான் சொன்னா.

அப்டி இருந்தும் ஒடனே ஆபரேஷன் எழுதல. மொதல்ல பாத்தது பூஞ்ச தொற்று இருக்கா, சர்க்கரை இருக்கா, தோல் வியாதி இருக்கா. ஏன்னா எரிச்சலுக்கு பாதி நேரம் காரணம் அது தான், இதழ் மேல பழி விழுது. அப்பறம் சொன்னது: வாசன சோப்பு, வாஷ் எல்லாம் நிறுத்து, வெறும் தண்ணி போதும். நைலான் உள்ளாடைய தூக்கிப் போட்டு காட்டன் போடு, ஒரு சைஸ் பெருசா. வேலைக்கு போறதுக்கு முன்ன வாசலின் லேசா தடவிக்க. முடிய மழிக்காத, முடி இருந்தா உராய்வு கொறையும், வேணும்னா கத்தரிச்சிக்க. ரெண்டு மூணு மாசம் இத உண்மையா பண்ணிப் பாத்தாலே பல பேருக்கு போதும்.

எல்லாம் பண்ணி பாத்துட்டேன் சிஸ்டர், எதுவும் சரி ஆவல, இப்ப எப்டி முடிவு பண்றது?

எங்க டாக்டரம்மா எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி கேப்பாங்க: "இதனால உனக்கு எந்த வேல நின்னு போச்சு?" நடக்க முடியலயா, வண்டி ஓட்ட முடியலயா, உடலுறவுல உள்பக்கமா இழுபட்டு வலிக்குதா, பேட் வச்சா தோல் கிழியுதா. அப்டி ஒண்ண சொல்ல முடிஞ்சா ஆபரேஷன் பத்தி பேசலாம், அது சரியான காரணம். சொல்ல முடியாம "பாக்க நல்லா இல்ல"ன்னு மட்டும் இருந்தா, அது காரணமே இல்லன்னு அவங்க சொல்ல மாட்டாங்க, ஒடம்பு அவங்களோடது தான, ஆனா ஒரு ஆறு மாசம் தள்ளிப் போடுன்னு சொல்வாங்க. வெட்டுனத திரும்ப ஒட்ட முடியாது, ஆறு மாசம் காத்திருந்தா எதுவும் கெட்டுப் போகாது.

எங்க வீட்டுக்காரர் போன்ல பாத்துட்டு உனக்கு மட்டும் ஏன் இப்டின்னு கேக்கறாரு

அந்த போன்ல வர்ற பொண்ணுங்கள பொறுக்கி எடுத்து, வெளிச்சம் போட்டு, மழிச்சு, சில நேரம் ஆபரேஷனும் பண்ணி, படத்தையும் திருத்தி தான் காட்டறாங்க. மாங்கா மண்டில மேல அடுக்கி வச்ச பழம் மட்டும் பாத்துட்டு தோப்பு பூரா இப்டி தான்னு நெனைக்கற கத. ஆஸ்திரேலியால ஒரு பெண்கள் நல அமைப்பு இதுக்காகவே சாதாரண பொண்ணுங்களோட படங்கள தொகுத்து லேபியா லைப்ரரின்னு வச்சிருக்காங்க, ஒண்ண மாதிரி ஒண்ணு இருக்காது.

இன்னொருத்தர் சொன்னதுக்காக பண்ற ஆபரேஷன்ல வலி உங்களுக்கு, தழும்பு உங்களுக்கு. அவர் அடுத்து மார்ப பத்தி சொல்லுவாரு. முடிஞ்சா அவர ஒரு தடவ டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க. ஒரு ஆள் வந்தாரு, டாக்டரம்மா அஞ்சு நிமிஷம் படம் போட்டு சொன்னதும், "எனக்கு யாரும் சொல்லித் தரல மேடம்"னு தல குனிஞ்சு போயிட்டாரு. எல்லாரும் அப்டி போவாங்கன்னு சொல்லல. அடிக்கற, மிரட்டற ஆளா இருந்தா பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணுங்க, அது ஆபரேஷன் விஷயமே இல்ல.

எம் பொண்ணுக்கு 15 வயசு, அவளே கேக்கறா, இப்பவே பண்ணிட்டா நல்லதா?

வேணாம். 18 வயசுக்குள்ள வளர்ச்சி முடியல, இன்னிக்கு பெருசா தெரியறது, மத்த பகுதி வளந்ததும் சரியா தெரியும். இங்கிலாந்து மகப்பேறு டாக்டர்கள் சங்கமும் 2013ல 18க்குள்ள இத பண்ணக் கூடாதுன்னு தான் சொல்லி இருக்கு. ரொம்ப அபூர்வமா வேற மருத்துவ காரணம் இருந்தா பெரிய ஆஸ்பத்திரில தான் முடிவு பண்ணுவாங்க.

ஆனா அவள திட்டி வாய அடைக்காதீங்க. அம்மாகிட்ட வந்து கேட்டாளே அதுவே பெருசு. யாராச்சும் கேலி பண்ணாங்களா, போன்ல எதாச்சும் பாத்தாளான்னு மெதுவா கேளுங்க, ஒரு லேடி டாக்டர்கிட்ட பேச வைங்க. எரிச்சல் இருந்தா மேல பேண்ட் கேள்வில சொன்னத பண்ணுங்க.

எப்டி தான் பண்ணுவாங்க? முழு மயக்கமா?

பெரும்பாலும் ரெண்டு மொற. ஒண்ணு, வெளி ஓரத்த நீளவாக்குல வெட்டி தைக்கறது. இன்னொண்ணு, நடுவுல முக்கோணமா ஒரு துண்டு எடுத்து ரெண்டு பக்கத்தையும் சேத்து தைக்கறது, இதுல இயற்கையான ஓரம் அப்டியே இருக்கும், ஆனா தையல் பிரிய கொஞ்சம் வாய்ப்பு ஜாஸ்தி. எது உங்களுக்கு ஒத்து வரும்ங்கறது இதழோட அமைப்ப பொறுத்தது.

மரத்துப் போற ஊசி மட்டும் போட்டும் பண்ணுவாங்க, முழு மயக்கத்துலயும் பண்ணுவாங்க, ஒண்ணு ரெண்டு மணி நேர வேல. தானா கரையற தையல் தான், பிரிக்க போக வேண்டியதில்ல. பல எடத்துல அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க.

எத்தன நாள் லீவு போடணும்? வலி தாங்கற மாதிரி இருக்குமா?

மொத மூணு நாள் வீக்கம் தான் பயமுறுத்தும். "சின்னது பண்ண போயி பெருசா ஆயிருச்சே"ன்னு அழுவாங்க, அது வீக்கம், ஒவ்வொரு வாரமும் வத்தும். துணி சுத்துன ஐஸ் பேக் 10 நிமிஷம் வச்சு எடுக்கறது, டாக்டர் எழுதுன வலி மாத்திர, கால தலகாணி மேல வச்சு படுக்கறது. யூரின் போறப்ப எரியும், அதுக்கு ஒரு மக்குல வெதுவெதுப்பான தண்ணிய ஊத்திகிட்டே போனா எரிச்சல் தெரியாது, பிரசவ தையல் போட்டவங்களுக்கு இது தெரியும். அப்பறம் ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. மலச்சிக்கல் வராம பாத்துக்கணும், முக்குனா தையல்ல இழுக்கும். கீர, பழம், தண்ணி, இதெல்லாம் ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னயே ஆரம்பிங்க.

உக்காந்து பாக்கற வேலைக்கு ஒரு வாரம், பத்து நாள். நின்னு, நடந்து, தூக்கற வேலைக்கு ரெண்டு மூணு வாரமாச்சும் வேணும். உடலுறவு, டாம்பான் (பேட்டுக்கு பதிலா உள்ள வைக்கறது), சைக்கிள், ஸ்கூட்டி எல்லாம் 4ல இருந்து 6 வாரம் கெடையாது, பென்னாகரம் ரோட்ல வேகத்தடைல ஒரு தடவ ஏறி எறங்குனாலே தெரிஞ்சிரும் ஏன்னு. கடைசி வடிவம் தெரிய 3 மாசத்துல இருந்து 6 மாசம். மா சீசன்ல கூழ் ஃபேக்டரிக்கு போற பொண்ணுங்க சீசன் முடிஞ்சு பண்ணுங்க, வேர்வையோட பத்து மணி நேரம் நின்னா புண் ஆறாது.

என்னென்ன தப்பு நடக்கலாம்? மறைக்காம சொல்லுங்க

ரத்தக் கசிவு, உள்ள ரத்தம் கட்டறது, சீழ் புடிக்கறது, தையல் பிரியறது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வராதது, ஓரம் அல அலயா ஆகறது, தழும்பு தடிச்சு வலிக்கறது. எனக்கு ரொம்ப பயம் என்னன்னா அதிகமா வெட்டிடறது. உள் இதழ் சும்மா தொங்கற தோல் இல்ல, யோனி வாய்க்கும் யூரின் ஓட்டைக்கும் அது தான் கதவு, ஈரத்த காக்குது. மொத்தமா எடுத்துட்டா வறட்சி, உராய்வு, உள்ளாடை பட்டாலே எரிச்சல், எதுக்காக ஆபரேஷன் பண்ணாங்களோ அதுவே இன்னும் ஜாஸ்தியா வந்துரும். அதனால "எவ்ளோ விட்டு வைப்பீங்க"ன்னு கேளுங்க.

வீட்டுக்கு வந்தப்பறம் ஜொரம், கெட்ட வாட, ஒரு மணி நேரத்துல பேட் நெனையற ரத்தம், ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரி வீங்கி தாங்க முடியாத வலி, யூரின் வரவே இல்ல, இதுல எதுவா இருந்தாலும் விடியட்டும்னு இருக்காதீங்க. சர்க்கரை கட்டுல இல்லாதவங்க, புகையில போடறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திர சாப்பிடறவங்க இத முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிரணும்.

உணர்ச்சி போயிருமா?

போகலாம், பெரும்பாலும் போகாது. உள் இதழ் பூரா நரம்பு இருக்கு, அதுவும் உணர்ச்சிக்கான எடம் தான். மொத சில வாரம் மரத்த மாதிரியோ அளவுக்கு மீறி கூச்சமாவோ இருந்து சரியாகும். சில பேருக்கு நெரந்தரமா கொறையும், சில பேருக்கு தழும்புல வலி தங்கிரும். பண்ணிகிட்டவங்கள்ல பெரும்பாலானவங்க திருப்தின்னு தான் ஆய்வுங்க சொல்லுது, ஆனா அதுல பலது கொஞ்ச காலம் மட்டும் பின்தொடந்த ஆய்வு, இருபது வருஷம் கழிச்சு எப்டின்னு யாரும் அந்த அளவுக்கு பாக்கல. இந்த ஆபரேஷன் பண்ணா சுகம் ஜாஸ்தி ஆகும்னு எந்த டாக்டராச்சும் உறுதி குடுத்தா எழுந்து வந்துருங்க.

குழந்த பெத்துக்கறதுக்கு முன்ன பண்ணலாமா? அப்பறம் நார்மல் டெலிவரி ஆகுமா?

ஆகும், இதுக்காக சிசேரியன் வேணாம். ஆனா கர்ப்பத்துல, பிரசவத்துல வடிவம் மாறும், கிழியவும் செய்யலாம், அதனால அவசரம் இல்லன்னா குழந்தைங்க பெத்து முடிச்சு பண்ணுன்னு எங்க டாக்டரம்மா சொல்வாங்க. பிரசவம் ஆனா ஒரு ஆறு மாசம் போகட்டும், பால் குடுக்கறப்ப ஹார்மோன் கொறஞ்சு அந்த எடம் வறண்டு இருக்கும், அப்ப தெரியற எரிச்சல வச்சு முடிவு எடுக்காதீங்க.

லேசர்ல கத்தி இல்லாம, வலி இல்லாம பண்றாங்களாமே, ஆஃபர் வேற போட்ருக்காங்க

ரெண்ட போட்டு கொழப்பிக்கறீங்க. லேசர கத்திக்கு பதிலா வெட்டறதுக்கு சில டாக்டருங்க பயன்படுத்துவாங்க, அப்பவும் அது ஆபரேஷன் தான், தையலும் உண்டு வலியும் உண்டு. விளம்பரத்துல வர்றது பெரும்பாலும் அது இல்ல, உள்ள ஒரு கருவிய விட்டு சூடு குடுத்து "டைட்" பண்றதா சொல்றது. அமெரிக்கால மருந்து, மருத்துவக் கருவிகள கண்காணிக்கற அரசு அமைப்பு எஃப்டிஏ 2018லயே அத பத்தி எச்சரிக்க குடுத்துச்சு, தீக்காயம், தழும்பு, உடலுறவுல வலி, தீராத வலி எல்லாம் வந்திருக்குன்னு. இதழ் அளவுக்கும் அந்த கருவிக்கும் சம்பந்தமே இல்ல. தீபாவளி ஆஃபர்ல வாங்கறதுக்கு இது பொடவ இல்ல. பியூட்டி பார்லர்ல யாராச்சும் இத பண்றேன்னு சொன்னா காச மிச்சம் பண்ணிட்டு ஓடி வந்துருங்க.

தருமபுரில பண்றாங்களா? இல்ல பெங்களூர் தான் போணுமா?

முதல் பரிசோதனைக்கு எங்கயும் போக வேணாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, 2022ல இருந்து கிருஷ்ணகிரிலயும் மருத்துவக் கல்லூரி வந்துருச்சு, மகப்பேறு ஓபில காட்டுனா தொற்றா, தோல் வியாதியா, இதழ் பிரச்சனையான்னு அங்கயே தெரிஞ்சிரும். இத அடிக்கடி பண்ற டாக்டர்கிட்ட போகணும்னா நம்ம பக்கத்துல இருந்து சேலமோ பெங்களூரோ போறாங்க, ஓசூர்காரங்களுக்கு பெங்களூர் ஒரு மணி நேரம், தருமபுரிகாரங்களுக்கு சேலம் கிட்ட.

போறப்ப ஆபரேஷன பத்தி மட்டும் யோசிக்காதீங்க, திரும்பி வர்றத யோசிங்க. சேலத்துல பண்ணிட்டு அன்னிக்கு சாயங்காலமே பஸ்ல தொப்பூர் கணவாய் ஏறி வந்த ஒரு பொண்ணு, லாரி நெரிசல்ல மாட்டி ரெண்டு மணி நேரம் ஒரே எடத்துல உக்காந்து, வீடு வந்து சேர்றப்ப தையல் ஓரம் பிரிஞ்சு கசிஞ்சிருந்துச்சு. ஒரு ராத்திரி அங்கயே தங்குங்க, இல்லன்னா கார்ல சாஞ்சு படுத்து வர்ற மாதிரி பாத்துக்கங்க. ரத்தம் வந்தா ராத்திரில யார்கிட்ட போகணும்னு அந்த டாக்டர்கிட்டயே கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க.

நல்ல டாக்டர்னு எப்டி தெரியும்?

எம்.எஸ். ஓஜி, டிஎன்பி ஓஜி மாதிரி மகப்பேறு படிப்போ, எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரியோ படிச்சிருக்கணும், "காஸ்மெட்டாலஜிஸ்ட்"னு மட்டும் போர்டு இருந்தா பத்தாது. பேர மெடிக்கல் கவுன்சில் வெப்சைட்ல தேடுங்க, தமிழ்நாட்டுக்கு தனி, கர்நாடகாவுக்கு தனி. இந்த ஆபரேஷன் எத்தன பண்ணிருக்கீங்க, எந்த மொற, சரியா வரலன்னா ரெண்டாவது தடவ யார் செலவு, இந்த மூணையும் வாய் விட்டு கேளுங்க.

ஆனா நான் பாக்கற பெரிய அடையாளம் வேற. நல்ல டாக்டர் பாதி பேர திருப்பி அனுப்புவாங்க. உள்ள போன பத்தாவது நிமிஷத்துல தேதி குறிக்கறவங்கள விட, "உனக்கு இது வேணாம்மா"ன்னு சொல்லி கன்சல்டிங் ஃபீஸோட விட்டவங்கள தான் நான் நம்புவேன்.

காப்பீட்டு கார்டுல வருமா?

அழகுக்காக பண்றதுக்கு கார்டு ஓடாது, தனியார் மெடிக்கிளைம்லயும் காஸ்மெட்டிக்குன்னா விலக்கு தான். நெஜமான மருத்துவ காரணம் இருந்து டாக்டர் எழுதிக் குடுத்தா கேட்டுப் பாக்கலாம், முன்கூட்டியே எழுத்துல பதில் வாங்குங்க. கைக்காசு போட்டு பண்றவங்க, சொன்ன தொகைல மயக்க டாக்டர் ஃபீஸ், தியேட்டர், மருந்து, திரும்ப காட்டறது எல்லாம் சேத்தியான்னு கேளுங்க. நகைய அடகு வச்சு பண்ற அளவுக்கு அவசரமான ஆபரேஷன் இது இல்ல.

வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம பண்ணிக்கலாமா?

18 முடிஞ்சா உங்க ஒடம்புக்கு உங்க கையெழுத்து போதும். 2008ல சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்குல, மயக்கத்துல இருந்த பொண்ணுக்காக அவ அம்மா சம்மதம் குடுத்து கர்ப்பப்பை எடுத்தது செல்லாதுன்னு சொல்லிருச்சு, அவளே தான் சொல்லணும்னு. அத அப்டியே திருப்பியும் பாருங்க, நீங்க வேணாம்னா மாமியார், புருஷன் யார் கையெழுத்து போட்டாலும் பண்ண முடியாது. பழக்கத்துல பல ஆஸ்பத்திரி கூட வந்தவங்க கையெழுத்தும் கேப்பாங்க, சாட்சிக்கு. அக்கா தங்கச்சி யாராச்சும் ஒருத்தர்கிட்டயாச்சும் சொல்லிட்டு போங்க, மொத ரெண்டு நாள் தண்ணி காய வைக்கவாச்சும் ஆள் வேணும்.

டாக்டர் மூணு பேரும் நார்மல்னு சொல்லிட்டாங்க, ஆனா எனக்கு நாள் பூரா அதே நெனப்பு, கல்யாணமே வேணாம்னு தோணுது

மேல சொன்ன கண்ணாடிய குடுத்தும் சிரிக்காம போனவங்க உண்டு. ஒரு நாளைக்கு பத்து தடவ பாத்ரூம்ல போயி பாக்கறது, போட்டோ எடுத்து ஒப்பிடறது, அதனால வேலைக்கு போகாம இருக்கறது, இப்டி இருந்தா பிரச்சன இதழ்ல இல்ல, அந்த நெனப்புல. அதுக்கு பேரு இருக்கு, வைத்தியமும் இருக்கு, மனநல டாக்டருங்க பாக்கறது. இந்த நெலமைல ஆபரேஷன் பண்ணா நெனப்பு போகாது, தழும்ப புடிச்சிக்கும், இல்லன்னா மூக்குக்கு தாவும். பைத்தியம்னு யாரும் சொல்லப் போறதில்ல. 14416க்கு போன் பண்ணா டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி சேவைல தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

சிஸ்டர், நீங்களா இருந்தா பண்ணிக்குவீங்களா?

நானும் கேட்டிருக்கேன், ரெண்டாவது பையன் பொறந்தப்பறம், எங்க டாக்டரம்மாகிட்டயே. "எந்த வேல நின்னு போச்சு?"ன்னு என்னையும் அதே கேள்வி கேட்டாங்க. யோசிச்சு பாத்தேன், ஒண்ணும் நிக்கல, வெறும் கண்ணாடில பாத்த கவல தான். பண்ணல.

ஓசூர் பொண்ணு காட்டன் உள்ளாடை, வாசலின் எல்லாம் மூணு மாசம் பாத்துட்டு, வேற தொற்று எதுவும் இல்லன்னு தெரிஞ்சப்பறம் பண்ணிகிட்டா, சம்பளத்துல சேத்து வச்சு, அக்காவ தொணைக்கு கூட்டிட்டு போயி. ஒரு பக்கம் தையல் லேசா பிரிஞ்சு ஆற ஒரு மாசம் கூட ஆச்சு, ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் பெருசு தான்னு சொன்னா. போன மாசம் தருமபுரி பஸ் ஸ்டாண்ட்ல பாத்தேன். ஷிஃப்ட் முடிஞ்சு யூனிஃபார்ம் பேண்ட்டோடயே வந்திருந்தா, சீட் கெடைக்காம ஓசூர்ல இருந்து நின்னுகிட்டே வந்தாளாம்.